வலிக்குச் சாட்சி யார்?

காயத்துக்குக் கண் சாட்சி. காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்க்கும் கை சாட்சி. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் சாட்சி சொல்லும். ஆனால் வலிக்கு? வலியை அனுபவிப்பவரைத் தவிர அதற்கு வேறு சாட்சி கிடையாது. அவர் "வலிக்கிறது" என்கிறார். நாம் அதை நம்புகிறோம். அல்லது நம்ப மறுக்கிறோம். மனித உறவுகளில் நம்பிக்கை என்னும் பண்பு எத்தனையோ முறை சோதிக்கப்படுகிறது. எனினும் இந்த ஒரு சொல்லின் முன்னே அது சோதிக்கப்படுவதுபோல் வேறெங்கும் சோதிக்கப்படுவதில்லை எனலாம்.

கண்ணுக்குத் தெரியாத வலியைச் சொல்பவரிடம் நமக்குள்ள கடமை என்ன? காரணம் தெரியாத வலியோடு வாழ்பவருக்குத் தம்மிடமே உள்ள கடமை என்ன? இவ்விரு வினாக்களையும் பொதுப்படையாகப் பேசினால் அறிவுரையாக முடிந்துவிடும். ஆகவே ஒரு சிறிய எலும்பையும், ஒரு சிறிய உண்ணியையும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

எலும்பும் அதன் இடமும்

முதுகுத் தண்டின் அடிநுனியில், மூன்று முதல் ஐந்து வரையிலான சிறு கணுக்கள் இணைந்து அமைந்ததே வாலெலும்பு. குயிலினப் பறவை ஒன்றின் அலகைப்போல் அது வளைந்திருக்கக் கண்ட பண்டைக் கிரேக்கர், அப்பறவையின் பெயரையே அதற்குச் சூட்டினர். இன்றைய மருத்துவர்கள் வழங்கும் 'காக்சிக்ஸ்' என்னும் பெயர் அதன் வழி வந்ததே.

நமக்கும் இவ்வெலும்பு அந்நியமானதன்று. மனித உடல் முழுவதும் மண்ணில் மக்கிப்போகும். 'அஜ்புத் தனப்' எனப்படும் வாலெலும்பு மட்டும் எஞ்சும். மறுமையில் அதிலிருந்தே மனிதன் மீண்டும் உருவாக்கப்படுவான் என்னும் கருத்துடைய நபிமொழி, புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அத்தகைய சிறப்புக்குரிய எலும்பு, நாம் பெயர் சொல்லவும் கூசும் இடத்தில் அமைந்திருக்கிறது. பல் வலித்தால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஊரறியச் சொல்கிறோம். வாலெலும்பு வலித்தாலோ, பெற்ற தாயிடம் சொல்லவும் நா எழுவதில்லை.

கீழே விழுந்து அடிபடுதல், பிள்ளைப்பேறு, கடினமான இருக்கையில் நெடுநேரம் அமர்தல் ஆகியவை இவ்வலியின் வழக்கமான காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக இது வருகிறது என மருத்துவ நூல்கள் கூறும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடுகிறது. சிலருக்குக் குறைவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, எத்தனை சோதனைகள் செய்தாலும் காரணமே தென்படுவதில்லை.

அத்தகைய ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் மஜ்லிஸில் எல்லாரும் ஜமக்காளத்தில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் தூணோரம் நிற்கிறார். விருந்தில் ஸஹனைச் சுற்றி அமரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறார். பேருந்தில் இடம் கிடைத்தும் எழுந்து நிற்கிறார். முகத்தில் நோயின் களை இல்லை, கால் நொண்டவில்லை, காய்ச்சல் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறார், இவருக்கு என்ன வந்தது?" என்று ஊர் கேட்கிறது. சில நாளில் வீடும் கேட்கிறது. பின்னர் அவரே தம்மைக் கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறார். வலியினும் கொடியது இந்த மூன்றாவது கேள்வி.

ஓர் ஊரின் பெயர் நோயின் பெயரான கதை

இனி உண்ணியின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் வடகிழக்கே, கனெக்டிகட் ஆறு கடலை அடையும் இடத்தருகே லைம், ஓல்டு லைம் என இரு சிற்றூர்கள் உள்ளன. காடும் புல்வெளியும் மான்களும் நிறைந்த பகுதி அது. அங்கே பாலி மர்ரே என்னும் பெண்மணி வாழ்ந்தார். நான்கு பிள்ளைகளின் தாய். பல்லாண்டுகளாக அவருக்கு மூட்டு வீக்கமும், தோல் தடிப்பும், தலைவலியும், தீராத அயர்ச்சியும் மாறிமாறி வந்தன. பிறகு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வந்தன. மருத்துவர் பலரைக் கண்டார். சோதனைகளில் ஒன்றும் புலப்படவில்லை. நோய் உடலில் இல்லை, உள்ளத்தில்தான் இருக்கிறது என்று கருதிய மருத்துவர்களும் உண்டு.

அவர் என்ன செய்தார் என்பதே நம் கவனத்துக்குரியது. யாருக்கு, எப்போது, எந்த மூட்டில், எத்தனை நாள் என்று குறிப்பெழுதத் தொடங்கினார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் அதே துன்பம் இருப்பதைக் கண்டார். 1975-ஆம் ஆண்டில் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அவ்வூரின் மற்றொரு தாயும் அவ்வாறே முறையிட்டிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஆலன் ஸ்டியர் ஆய்வை மேற்கொண்டார். 1977-இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அறிக்கையில், அவ்வட்டாரத்தில் 39 குழந்தைகளும் 12 பெரியவர்களுமாக 51 பேருக்கு ஒரேவிதமான மூட்டழற்சி கண்டிருப்பது உலகுக்குத் தெரிந்தது. ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று.

காரணம் அப்போதும் தெரியவில்லை. 1981-இல் மாண்டானா மாநில ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர், நியூயார்க் பகுதியிலுள்ள ஷெல்டர் தீவின் உண்ணிகளை வேறொரு காய்ச்சலின் கிருமிக்காக அறுத்துப் பார்த்தார். தேடியது கிடைக்கவில்லை. உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். 1982-இல் அச்செய்தி வெளிவந்தது. 1984-இல் அக்கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மனிதனைக் கடிக்கும் இளம் உண்ணி கசகசா விதையளவே இருக்கும். கடித்தவர் பலருக்குக் கடித்ததே தெரியாது.

இந்நோய் 1975-இல் பிறந்ததா? இல்லை. உண்ணி கடித்த இடத்தில் வட்டமாக விரியும் சிவப்புத் தடிப்பை, சுவீடன் நாட்டுத் தோல் மருத்துவர் அர்விட் அஃப்செலியஸ் 1909-இலேயே எடுத்துரைத்திருந்தார். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5000 ஆண்டுகளுக்கு மேலாக உறைந்து கிடந்த மனித உடலொன்றில் இக்கிருமியின் மரபணுத் தடயங்கள் காணப்பட்டதாக 2012-இல் அறிவியலார் தெரிவித்தனர். பெயர் வருமுன்னரே நோய் இருந்தது. நோயோடு வலியும் இருந்தது. சாட்சிதான் பின்னால் வந்தது. அதுவரை வலித்தவர்கள் அனைவரும் பொய்யரா?

ஒரு கதை, இரு பாடம்

பாலி மர்ரேயின் வரலாற்றை அறிந்தவர்கள் அதிலிருந்து ஒரு பாடத்தை உடனே எடுத்துக்கொள்வர்: "மருத்துவர்கள் இல்லை என்றார்கள், இருந்தது. ஆகவே மருத்துவர் இல்லை என்றாலும் இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்." கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

இன்று அமெரிக்காவில் வாலெலும்பு வலியோடு வாழும் ஒருவர், "இது லைம் நோயாக இருக்குமோ?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். மருத்துவம் அறிந்தவை இவை. லைம் நோய் பெரும்பாலும் பெரிய மூட்டுகளை, சிறப்பாக முழங்காலைத் தாக்குகிறது. முதுகுத் தண்டிலிருந்து கிளைக்கும் நரம்பு வேர்களிலும் அது அழற்சியை உண்டாக்கக்கூடும். அப்போது முதுகிலும் இடுப்பிலும் காலிலும் இரவில் மிகும் கடும்வலி தோன்றும். வாலெலும்பு வலியோ இந்நோயின் வழக்கமான அடையாளங்களில் ஒன்றாகக் கூறப்படுவதில்லை. கீழ்முதுகின் நரம்பு வேர் அழற்சியால் அப்பக்கத்தில் வலி தோன்றலாம் என்பதை மறுக்கவும் முடியாது. ஆக, "இருக்கலாம்" என்னும் ஒரு சொல்லின் மீதுதான் அவர் வாழ்வு நிற்கிறது.

இரத்தச் சோதனை தீர்த்து வைக்காதா? அச்சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. தொற்றிய முதல் சில வாரங்களில் அப்பொருள் போதிய அளவு உருவாகியிராது. நோய் இருந்தும் இல்லையென விடை வரலாம். குணமான பின்னும் அது பல்லாண்டு இரத்தத்தில் தங்கும். நோய் நீங்கியும் உண்டென விடை வரலாம். அந்தச் சாட்சியால், "இந்த வீட்டுக்குள் ஒரு திருடன் எப்போதோ நுழைந்தான்" என்று சொல்ல முடியும். "இன்னும் உள்ளே இருக்கிறான்" என்றோ, "காணாமற்போன இந்தப் பொருளை அவனே எடுத்தான்" என்றோ சொல்ல முடியாது. ஆயினும் தொற்றிப் பல மாதங்கள் கடந்து, இடையே மருந்தும் உண்ணாத ஒருவருக்கு இல்லை என்று விடை வருமானால் அதற்குக் கனம் மிகுதி. பிடிக்காத விடை என்பதற்காக அதைத் தள்ளிவிடலாகாது.

உரிய காலத்தில் கண்டறிந்தால் சில வாரங்கள் உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினாலேயே பெரும்பாலோர் குணமடைகின்றனர். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு, மருந்துக்குப் பின்னும் வலியும் அயர்ச்சியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. ஏன் என்று முழுமையாக விளங்கவில்லை. மேலும் மேலும் அதே மருந்தைக் கொடுத்தால் என்ன என்று ஆராய்ந்தனர். 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் மருந்தும், மற்றவர்களுக்கு மருந்துபோல் தோன்றும் வெற்றுப் பொருளும் தரப்பட்டன. இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. 2016-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வும் அவ்வாறே சொல்லிற்று.

ஆனால் நம்பிக்கை இழந்தோரின் வாயிலில் நம்பிக்கை விற்போர் எப்போதும் நிற்பர். தக்க சான்றின்றியே "உமக்குத் தீராத லைம் நோய்" என்று தீர்ப்பளித்து, நரம்பு வழியே மாதக்கணக்கில் மருந்தேற்றுவோர் அங்கே உண்டு. அத்தகைய சிகிச்சையால் வேறு கொடிய கிருமிகள் உடலில் புகுந்த ஐந்து பேரின் நிலையை 2017-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்துரைத்தது. அதில் உயிரிழப்பும் நேர்ந்திருந்தது.

இப்போது இரு அநீதிகள் நம் கண்முன் நிற்கின்றன. "காரணம் தெரியவில்லை, ஆகவே வலியே இல்லை" என்பது ஒன்று. பாலி மர்ரேக்கு இழைக்கப்பட்டது அதுவே. "வலி இருக்கிறது, ஆகவே நாம் சொல்வதே காரணம்" என்பது மற்றொன்று. முன்னது வலியின் சாட்சியை நிராகரிக்கிறது. பின்னது அந்தச் சாட்சியிடமே தீர்ப்பையும் கேட்கிறது. பார்வைக்கு எதிரெதிரான இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே: வலி வேறு, வலியின் காரணம் வேறு என்று பிரித்தறியாமை.

சாட்சியும் தீர்ப்பும்

இந்தப் பிரிவினை நம் மரபுக்குப் புதிதன்று. பிறர் மீது உரிமை கோருபவரே ஆதாரம் காட்டவேண்டும் என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை விதி. ஆனால் அதே நூல்கள், ஒருவர் மட்டுமே அறியக்கூடிய செய்தியில் அவர் சொல்லையே ஏற்கின்றன. இத்தாக் காலம் முடிந்ததா என்பதில், நடக்கக்கூடிய கால அளவுக்குள் அமைந்திருந்தால், அப்பெண்ணின் சொல்லே ஏற்கத்தக்கது. அவள் உடலுக்குள் நிகழ்வதை அவளையன்றி யார் அறிவார்? வேறு சாட்சிக்கு வழியில்லாத இடத்தில் வேறு சாட்சி கேட்பது நீதியாகாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

வலிக்கும் இதுவே அளவுகோல் ஆகலாம். "வலிக்கிறது" என்பது வலிப்பவர் மட்டுமே அறிந்த செய்தி. அதில் அவர் சொல்லே போதுமானது. "உண்ணி கடித்ததால் வலிக்கிறது" என்பது பிறரும் ஆராயக்கூடிய செய்தி; அதற்கு ஆதாரம் வேண்டும். முதலாவதை ஏற்பவர் இரண்டாவதையும் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. இரண்டாவதை ஐயுறுபவர் முதலாவதை மறுக்கவேண்டிய தேவையுமில்லை.

"சொன்னதையெல்லாம் நம்பினால் நடிப்பவர்கள் பெருகமாட்டார்களா?" என்று சிலர் கேட்கலாம். நடிப்பவர் உலகில் இல்லை என நாம் சொல்லவில்லை. ஆனால் இரு தவறுகளின் விலையையும் தராசில் வைத்துப் பாருங்கள். நடித்த ஒருவரை நம்பினால் நாம் இழப்பது ஒரு நாற்காலி, சிறிது நேரம், சில அன்பான சொற்கள். உண்மையில் வலித்த ஒருவரை நம்ப மறுத்தால் அவர் இழப்பது தம் மீதே தமக்குள்ள நம்பிக்கை. பின்னர் நோய் முற்றும்போதும் அவர் வாய் திறக்கமாட்டார். நம்பப்படாத நாவு நாளடைவில் ஊமையாகிவிடுகிறது.

"பெயர் தெரியாத வலிக்கு வெறும் நம்பிக்கை என்ன செய்யும்?" என்பது அதனினும் கனமான கேள்வி. நோயாளர் பெயரைத் தேடி அலைவது வீண் ஆவலால் அன்று. பெயர் கிடைத்தால் மருந்து கிடைக்கலாம். ஒரு முடிவு தெரியலாம். "பாசாங்கு செய்கிறாய்" என்போரின் வாய் அடையலாம். இம்மூன்றில் முதலிரண்டும் மருத்துவர் கையில் உள்ளன. மூன்றாவது நம் கையில் உள்ளது. வீட்டார் நம்பிவிட்டால், வாயடைப்பதற்காக ஒரு பெயரைத் தேடவேண்டிய அவசியம் நோயாளருக்கு இல்லாமற்போகிறது. பொய்யான பெயரை விலை கொடுத்து வாங்கும் தேவையும் குறைகிறது. நாம் நம்ப மறுப்பதே அவரைப் பொய்ம் மருத்துவரின் வாயிலுக்குத் துரத்துகிறது என்பதை உணர்ந்தோமா?

வலியோடு வாழ்பவரின் கடமை

வலிப்பவருக்கும் கடமை உண்டு. அதைச் சொல்லும்போது 'பொறுமை' என்னும் சொல்லை அவர்மீது பாறையாக வைத்துவிடக் கூடாது. நபி ஐயூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் முறையிட்டதைத் திருமறை கூறுகிறது. அவ்வாறு முறையிட்டவரையே பொறுமையாளர் எனவும் அது போற்றுகிறது. முறையீடும் பொறுமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வாய்மூடிக் கிடப்பதே ஸப்ரு என்று நம் பெண்மக்களுக்குக் கற்பித்தது யார்?

முறையீட்டுக்கு ஒரு முறையும் வேண்டும். பாலி மர்ரேயின் குறிப்பேடு அதைக் கற்பிக்கிறது. அவர் தம் உடலை நம்பினார். ஆயினும் காரணத்துக்குரிய தீர்ப்பை ஆராயத் தெரிந்தவர்களிடம் விட்டார். எப்போது வலிக்கிறது, அமரும்போதா, எழும்போதா, இரவிலா, எத்தனை நாளாக, விழுந்தது உண்டா, உண்ணிகள் நிறைந்த காட்டுப் பகுதிக்குச் சென்றது உண்டா, தடிப்புக் கண்டதா என்பவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது நோயாளரின் கடமை. கூச்சத்தால் இடத்தை மாற்றிச் சொல்வோர் தம் சாட்சியைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர். காய்ச்சல், உடல் மெலிவு, கால்களில் வலுக்குறைவு, மலசலக் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை வலியோடு சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

காரணம் தெரியும்வரை வாழ்வை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். பின்புறம் வெட்டி நீக்கப்பட்ட மெத்தையணை, அமரும்போது சற்று முன்சாய்தல், அடிக்கடி எழுந்து நடத்தல், மலச்சிக்கல் வராமற் காத்தல் ஆகிய எளிய வழிகள் வலியைத் தணிக்கும். இவற்றுக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடின் அமர்ந்தும், அதுவும் இயலாவிடின் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரீயில் காணக்கிடைக்கிறது. சலுகை இயலாமைக்கே வழங்கப்பட்டது. இயலாமைக்குச் சான்றிதழ் கேட்டதாக அந்நபிமொழியில் இல்லை. இன்று பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழும் இளைஞரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நாம், இதைச் சிந்திக்க வேண்டாமா?

லைம் நோய் தமிழகத்தில் பலர் அறியாத ஒன்று. ஆனால் "எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை" என்னும் சொல் ஒலிக்காத வீடு நம்மிடையே அரிது. முதுகு வலியால் துவளும் மருமகளிடம் அது சொல்லப்படுகிறது. பிள்ளை பெற்ற மகளிடம் சொல்லப்படுகிறது. முதிய வாப்பாவிடமும் சொல்லப்படுகிறது. "சோதனையில் ஒன்றும் தெரியவில்லை" என்பது மருத்துவரின் நேர்மையான வாக்கு. அதை "உனக்கு ஒன்றுமில்லை" என்று மாற்றிச் சொல்வது நாம். அந்த இரு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு மனிதரின் மானம் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை நம் வீட்டில் ஒருவர் "வலிக்கிறது" என்று சொன்னால், "ஏன்?" என்று முதலில் கேட்க வேண்டாம். அதற்கு அவரிடம் விடை இல்லாதிருக்கலாம். "எங்கே? எப்போதிலிருந்து? எப்படி இருந்தால் குறைகிறது?" என்று கேட்போம். இவற்றுக்கு அவரிடம் விடை உண்டு. பிறகு அவர் அமர்வதற்கு ஏற்ற இடத்தைத் தேடிக் கொடுப்போம். காரணத்தைத் தேடும் பயணம் நீண்டதாயினும், அதை அவர் தனியே நடக்க வேண்டியிராது.